குளிருக்கு ஜெக்கட் உண்டு, தார் ரோட்டுக்கு என்ன உண்டு?



தீபாவளிக்கு இரண்டு நாள் முந்திய இரவு. சங்க வேலையாகத் திருகோணமலைக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கந்தளாயில் தேநீர் குடிக்க பஸ்ஸை நிறுத்தினார்கள். அந்தக் கடை வாசலில் ஐந்து மோட்டார் சைக்கிள்கள், ஒன்பது இளைஞர்கள். பேச்சைக் கேட்டவுடனேயே நம்ம பிள்ளைகள் என்று தெரிந்துவிட்டது. ஒருவன் மஸ்கெலியா, இருவர் பொகவந்தலாவை, மற்றவர்கள் ஹட்டன் பக்கம். சீனக்குடாவிலும் துறைமுகத்தைச் சுற்றியுள்ள வேலைத்தளங்களிலும் வேலை. ஒரே இரவில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, விடியும்போது லயத்து வாசலில் நிற்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

ஒன்பது பேரும் ஹெல்மட் வைத்திருந்தார்கள். ஆனால் காலில் பாட்டா செருப்பு. இருவர் அரைக்காற்சட்டை. மேலுக்கு டீசேர்ட். ஜெக்கட் எல்லாம் பைக்குப் பின்னால் பையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

“ஜெக்கட்டைப் போடலயா தம்பி?” என்று கேட்டேன்.

“இங்க எதுக்கு டீச்சர்? ஒரே வெக்கை. மாத்தளை தாண்டின பிறகு குளிரும், அப்ப போட்டுக்குவோம்.”

அந்தப் பதில் பஸ்ஸில் ஏறிய பிறகும் என் மனதை விட்டுப் போகவில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். நமக்கு ஜெக்கட் என்றால் குளிருக்கு, பூட்ஸ் என்றால் சேற்றுக்கும் அட்டைக்கும், கையுறை என்றால் மருந்தடிக்க. ஹெல்மட் பொலிசுக்கு. ரோட்டுக்கென்று நாம் எதையும் உடுத்துவதில்லை. மலையில் ஒரு பைக் மணிக்கு முப்பது, நாற்பதில்தான் வளைவுகளில் ஏறும். அங்கே தடித்த ஜெக்கட் போடுகிறோம். ஹபரணையிலிருந்து திருகோணமலை வரை ரோடு நீட்டி நிமிர்ந்து கிடக்கிறது. எண்பது, தொண்ணூறில் பறக்கிற இடம் அது. இரவில் மாடு படுத்திருக்கும், யானை கடக்கும். அங்கேதான் ஜெக்கட்டைக் கழற்றிக் கட்டி வைக்கிறோம்.

ரோட்டில் விழுகிற உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். பைக் சரிந்தால் மனிதன் விழுந்த இடத்திலேயே நிற்பதில்லை. வந்த வேகத்தில் தாரின் மேல் இழுபட்டுக்கொண்டு போகிறான். தார் ரோடு என்பது ஒரு பெரிய அரம். டீசேர்ட் துணி அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. சாதாரண டெனிம் காற்சட்டைகூட ஒரு வினாடிக்குள் தேய்ந்து ஓட்டையாகிவிடும். நைலோன் மழைக்கோட்டு இன்னும் மோசம். உரசும் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மோட்டார் சைக்கிள் உடைகளுக்காக ஐரோப்பாவில் வகுத்த பழைய தரம் ஒன்று, அடிபடும் இடங்களிலுள்ள துணியோ தோலோ ஓடும் அரப்பட்டியில் குறைந்தது 4 வினாடி தாங்க வேண்டும் என்று சொன்னது. அரை வினாடிக்கும் நான்கு வினாடிக்கும் இடையில்தான் முழங்காலின் தோலும் உள்ளங்கையும் இருக்கின்றன.

இது வெறும் பேச்சல்ல. ஆஸ்திரேலியாவில் கன்பரா பகுதியில் விபத்துக்குள்ளான 212 மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களை லிஸ் டி ரோம் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பாதுகாப்பு ஜெக்கட் போட்டிருந்தவர்கள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. மோட்டார் சைக்கிளுக்கென்று தைத்த காற்சட்டை போட்டிருந்தவர்களுக்கு அது பாதியாகக் குறைந்தது. கையுறை போட்டிருந்தவர்களுக்குப் பாதிக்கும் கீழே. நமக்கு இன்னும் முக்கியமான ஒரு விஷயமும் அதில் இருந்தது. மோட்டார் சைக்கிளுக்கென்று செய்யாத சாதாரண பூட்ஸ்கூட, சப்பாத்தோடு ஒப்பிட்டால், பாதத்தையும் கணுக்காலையும் நன்றாகக் காப்பாற்றியது. சப்பாத்துக்கே இந்தக் கதி என்றால் பாட்டா செருப்பைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? அந்த ஆய்வு ஒரு எச்சரிக்கையும் தந்தது. விற்பனைக்கு வந்த ஜெக்கட், காற்சட்டை, கையுறைகளில் கால்வாசிக்கு மேல் விபத்தில் கிழிந்தும் பிரிந்தும் போயின. எனவே கடையில் பளபளப்பைப் பார்த்து வாங்கக் கூடாது. தையல் இரட்டையாக இருக்கிறதா, தோளிலும் முழங்கையிலும் கெட்டியான பட்டை உள்ளே வைத்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து வாங்க வேண்டும்.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என்னிடம் ஆறாம் வகுப்பில் படித்த ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். திருகோணமலையில் ஒரு வேலைத்தளத்தில் மேன்பவர் மூலம் நாட்கூலிக்குச் சேர்ந்தான். இரவு வேலை முடிவது விடியற்காலை ஐந்து மணிக்கு. அந்த நேரத்தில் பஸ் கிடையாது, கம்பனி வாகனமும் கிடையாது. லீசிங்கில் ஒரு பழைய பைக் எடுத்தான். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட பிறகு பழைய பைக்கின் விலை எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும். மாதாமாதம் தவணை கட்டிய பிறகு கையில் மிஞ்சியது சாப்பாட்டுக்குத்தான்.

வேலைத்தளத்துக்குள் அவனுக்கு எல்லாம் இருந்தது. மஞ்சள் தொப்பி, இரும்பு முனை பூட்ஸ், கையுறை, ஒளிரும் மேலங்கி. கேட்டைத் தாண்டும்போது அத்தனையையும் கழற்றி லொக்கரில் வைத்துவிட்டு, டீசேர்ட்டும் செருப்புமாகப் பைக்கில் ஏறுவான். உள்ளே மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறவனுக்கு பூட்ஸ். வெளியே அறுபதில் ஓடுகிறவனுக்குச் செருப்பு.

ஒரு நாள் விடிகாலை ரோட்டில் மாடு குறுக்கே வந்தது. பிரேக் அடித்தான். ஓரத்து மணலில் சில்லு வழுக்கியது. ஹெல்மட்டின் பட்டியை இறுக்கிப் பூட்டியிருந்ததால் தலை தப்பியது. அந்த ஹெல்மட்டின் பக்கத்தில் இருந்த கீறலைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறும். ஆனால் வலது முழங்கால், முழங்கை, இரண்டு உள்ளங்கைகள் எல்லாம் உரிந்துபோயின. கால் பெருவிரல் நசுங்கி எடுக்கவேண்டி வந்தது. முழங்கால் புண்ணில் மணல் தங்கிச் சீழ் பிடித்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இரண்டரை மாதம் வேலை இல்லை. நாட்கூலிக்காரனுக்கு வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை. தவணை மட்டும் நிற்கவில்லை. தோட்டத்திலிருந்து அம்மா காதுத் தோட்டை அடகு வைத்துப் பணம் அனுப்பினார். கொழுந்து பறித்து, 2024 செப்டம்பரில் சம்பள நிர்ணய சபை நிர்ணயித்த 1350 ரூபா அடிப்படைச் சம்பளத்துக்கு நாள் முழுதும் நின்று சேர்த்த தோடு அது.

மேன்பவர்காரர்கள் சொன்ன பதில்: “கேட்டுக்கு வெளியே நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை.”

இதற்காகத்தான் முக்கியமாக இதை எழுத உட்கார்ந்தேன். அந்தப் பதில் பிழை. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டுச் சட்டம். அதை 2022ஆம் ஆண்டில் 10ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தினார்கள். வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நேரும் விபத்தும் அந்தத் திருத்தத்தால் நட்டஈட்டுக்குள் வந்தது. உச்ச நட்டஈடும் ஐந்தரை இலட்சம் ரூபாவிலிருந்து இருபது இலட்சமாக உயர்ந்தது. நமது ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், எனக்கே அவன் விழுந்த பிறகுதான் தெரியும். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, வைத்தியசாலை அட்டை, வேலை நேரப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து இப்போது விண்ணப்பித்திருக்கிறோம். முடிவு வரவில்லை. வந்தால் இதே பத்திரிகையில் எழுதுவேன். அதுவரை ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் விபத்து நடந்தால் பொலிசில் முறைப்பாடு போடுங்கள், கிளைத் தலைவருக்கு அன்றைக்கே சொல்லுங்கள். “சின்னக் காயம்தானே” என்று விடாதீர்கள்.

சட்டம் வீட்டுக்கும் வேலைக்கும் இடைப்பட்ட ரோட்டை வேலையின் பகுதி என்று ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியென்றால் அந்த ரோட்டுக்குத் தேவையான உடையும் வேலைக்குத் தேவையான உடைதான். இதைச் சங்கங்கள் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை என்பது என் குற்றச்சாட்டு. அதில் நானும் அடங்குவேன்.

நமக்கு இது புதுப் போராட்டமல்ல. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் மழைக்கும் குளிருக்கும் தோட்டத்தில் கம்பளி கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு அதன் விலையைப் பற்றில் எழுதிச் சம்பளத்தில் பிடித்தார்கள். மலையில் செடி குத்தாமலிருக்க நம் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். மருந்தடிக்கிறவர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் முகமூடியும் கேட்டு எத்தனை தோட்டங்களில் வேலை நிறுத்தியிருக்கிறோம்! உடம்பைக் காக்கும் உடை முதலாளி போடும் பிச்சையல்ல, தொழிலாளியின் உரிமை என்று மலையில் நாம் கற்றுக்கொண்டோம். அந்தப் பாடத்தை நம் பிள்ளைகள் துறைமுகத்துக்குக் கொண்டுபோகவில்லை. நாமும் கொடுத்து அனுப்பவில்லை.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஸ்கூட்டியில் பாடசாலைக்குப் போகிறவள். ஆசிரியைக்குச் சேலைதான் உடை. சேலைத் தலைப்பு பின் சில்லில் சிக்கினால் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு நாள் காலையும் நினைத்துக்கொண்டுதான் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகுகிறேன். 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் வேறு உடையில் பாடசாலைக்கு வந்தபோது நாடு முழுதும் பெரிய விவாதம் நடந்தது. பண்பாடு பேசினார்கள், ஒழுங்கு பேசினார்கள், சேலை விலை பேசினார்கள். அந்த ஆசிரியை எதில் ஏறி, எந்த ரோட்டில் வருகிறாள் என்று யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகும் தாய்மாருக்கும் இதே ஆபத்துத்தான். பிள்ளையின் கால் சில்லுக் கம்பிக்குள் போய்விடும். கணவன் தலையில் ஹெல்மட், மனைவி தலையில் ஹெல்மட், நடுவில் இருக்கும் பிள்ளையின் தலையில் ஒன்றுமில்லை. இதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்!

ஹெல்மட்டுக்கே நம் நாட்டில் நேர்ந்த கதையைப் பாருங்கள். யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் முதலில் சொன்ன வார்த்தை “ஹெல்மட்டைக் கழற்று” என்பதுதான். முகத்தை மூடியவன் சந்தேகத்துக்குரியவன். யுத்தம் முடிந்த பிறகும் அந்த நினைப்பு போகவில்லை. 2015இல், கொள்ளைக்காரர்கள் முகத்தை மறைக்கிறார்கள் என்று காரணம் காட்டி, முழு முகத்தையும் மூடும் ஹெல்மட்டைத் தடைசெய்யப் போவதாகப் பொலிஸ் அறிவித்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் எதிர்த்தார்கள், விஷயம் நீதிமன்றம் வரை போனது, தடை நிறுத்திவைக்கப்பட்டது. தாடையையும் பல்லையும் காக்கும் ஹெல்மட்டுக்காக வழக்காட வேண்டியிருந்தது! எதிர்த்து நின்றதால்தான் இன்றைக்கும் அதைப் போட முடிகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

ஹெல்மட் கட்டாயமானதே ஒரு மரணத்திலிருந்துதான். 1935இல் இங்கிலாந்தில் டி. ஈ. லோரன்ஸ் என்ற பிரபலமான மனிதர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் அதை விதி என்று விட்டுவிடவில்லை. ஆண்டுக்கணக்காக இராணுவ மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் தலைக் காயங்களை ஆராய்ந்து 1941இல் எழுதினார். அதே ஆண்டு பிரித்தானிய இராணுவம் ஹெல்மட்டைக் கட்டாயமாக்கியது. பக்கத்துத் தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு 2015 ஜூலை 1 முதல் ஹெல்மட்டைக் கண்டிப்பாக்க வேண்டியிருந்தது. யாரோ ஒருவர் காயங்களை எண்ணிப் பார்த்ததால்தான் இந்தப் பழக்கம் வந்தது. நம் கிளைகளில் காயங்களை யார் எண்ணுகிறார்கள்?

இனி, நான் இதைப் பேசும்போது கேட்கும் மறுப்புகள்.

முதலாவது, வெக்கை. திருகோணமலையின் ஆடி மாத வெயிலில் தோல் ஜெக்கட் போட முடியாது, உண்மை. போடச் சொல்லவும் இல்லை. வலைத்துணியில் தைத்து, தோளிலும் முழங்கையிலும் மட்டும் கெட்டிப் பட்டை வைத்த ஜெக்கட் இருக்கிறது. ஓடும்போது காற்று உள்ளே போகும். அதுவும் முடியாவிட்டால் தடித்த நீளக் கைச் சட்டை, தடித்த நீளக் காற்சட்டை, கணுக்காலை மூடும் பூட்ஸ், கையுறை. இது முழுப் பாதுகாப்பு அல்ல. ஆனால் டீசேர்ட்டும் செருப்பும் என்பதைவிட எவ்வளவோ மேல். சிலர் காற்றுக்கு ஜெக்கட்டை முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். முதுகு திறந்து, கை சரியாகப் பொருந்தாமல் கிடக்கும். அப்படிப் போடாதீர்கள்.

இரண்டாவது, “பக்கத்தில்தானே போகிறேன்.” அந்தப் பிள்ளை விழுந்தது அவன் அறைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால். மாட்டுக்கு நம் பயணத்தின் தூரம் தெரியாது.

மூன்றாவது, வேலைத்தளத்து மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டுவது. இதையும் பார்க்கிறேன். அந்தத் தொப்பி மேலிருந்து விழும் பொருளுக்காகச் செய்தது. பக்கத்து அடியைத் தாங்காது, விழுந்த மறுநொடி தலையை விட்டுக் கழன்று ஓடும். மோட்டார் சைக்கிளுக்கு எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள ஹெல்மட்தான் வேண்டும். பட்டியைப் பூட்டித்தான் போட வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மட்டை மறுபடி பாவிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற பகுதி ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது.

நான்காவது, காசு. இதுதான் உண்மையான மறுப்பு, இதற்குப் பதில் சொல்லாமல் புத்தி சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை. ஒரு நல்ல ஹெல்மட்டும் ஜெக்கட்டும் பூட்ஸும் சேர்ந்தால் பல நாட்கூலி. 2024 முதல் வட் வரியே 18 சதவீதம். அதனால்தான் இதைத் தனித் தனி ஆளின் கவனக்குறைவாகப் பார்க்காமல், சங்கத்தின் கோரிக்கையாகப் பார்க்கச் சொல்கிறேன்.

என் யோசனைகள் இவை. இரவு வேலைக்கு ஆட்களைக் கூப்பிடும் நிறுவனம் முதலில் வாகனம் ஒழுங்குசெய்ய வேண்டும். பைக்கே தேவைப்படாமல் போவதுதான் எல்லாவற்றிலும் நல்ல பாதுகாப்பு. அது முடியாத இடத்தில், வேலைக்குப் பைக்கில் வருகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை பூட்ஸும் கையுறையும் ஜெக்கட்டும் கொடுக்க வேண்டும், சம்பளத்தில் பிடிக்காமல். கம்பளிக் கதை மறுபடி வரக் கூடாது. உள்ளே கொடுக்கும் பூட்ஸை வீடு வரை போட்டுப்போக அனுமதிப்பதற்கு நிறுவனத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. அதை நாளைக்கே கேட்கலாம். ஹெல்மட்டுக்கும் பாதுகாப்பு உடைக்கும் வட் வரியிலிருந்து விலக்குக் கேட்டு எல்லாச் சங்கங்களும் சேர்ந்து அரசாங்கத்துக்கு எழுத வேண்டும். நாமே செய்யக்கூடியதும் இருக்கிறது. தோட்டங்களில் பாத்திரத்துக்கும் நகைக்கும் சீட்டுப் பிடிக்கிறோம். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒருவருக்கு ஹெல்மட்டும் ஜெக்கட்டும் என்று ஒரு சீட்டுப் பிடித்தால் என்ன? மாதர் சங்கங்கள் முன்வந்தால் இது நிச்சயம் நடக்கும்.

இன்னொரு கவனமும் வேண்டும். பாதுகாப்பு உடை கேட்கும்போது, “உடை போடவில்லை, அதனால் நட்டஈடு இல்லை” என்று முதலாளிகள் அதையே நமக்கு எதிராகத் திருப்பப் பார்ப்பார்கள். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. உடை என்பது காயத்தைக் குறைப்பதற்கு. நட்டஈடு என்பது காயப்பட்டவனின் உரிமை. இரண்டும் வேறு வேறு.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. தீபாவளி முற்பணம் வரும்போது தூரத்தில் இருக்கும் மகனுக்குப் புதுச் சேர்ட் வாங்குகிறோம். அடுத்த முறை அந்தக் காசில் ஒரு பூட்ஸ் வாங்குங்கள். அவன் போனில் “வாறேன் அம்மா” என்று சொல்லும்போது, “சாப்பிட்டியா?” என்று கேட்பதோடு “ஜெக்கட் போட்டியா? காலில் என்ன?” என்றும் கேளுங்கள். கந்தளாயில் நான் கேட்டபோது சிரித்தார்கள். அம்மா கேட்டால் போட்டுக்கொள்வார்கள்.

அந்த ஒன்பது பேரும் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஒருவனின் நம்பரை வாங்கி வைத்திருந்தேன், காலையில் எடுத்துக் கேட்டேன். “மாத்தளையில ஜெக்கட் போட்டுட்டோம் டீச்சர்” என்றான். அடுத்த தடவை திருகோணமலையிலேயே போட வேண்டும். அதற்கு வேண்டிய ஜெக்கட்டை அவர்கள் கையில் கிடைக்கச் செய்வது நம் பொறுப்பு. அடுத்த மாதக் கிளைக் கூட்டங்களில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசும்படி தலைவர்மாரைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் யார் எங்கே பைக்கில் வேலைக்குப் போகிறார்கள், கடந்த ஒரு வருடத்தில் யார் யார் விழுந்தார்கள் என்ற விபரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். எண்ணிப் பார்த்துவிட்டு மேசைக்குப் போவோம்.